மண் பாதையில் வண்டி இறக்குமுன்: அட்வெஞ்சர் பைக் வாங்கிய புதியவர்களுக்கு

எக்ஸ்பல்ஸோ ஹிமாலயனோ வாங்கியாயிற்று. அடுத்து என்ன செய்வது என்று கேட்டால் ஷோரூமில் ஆக்சஸரீஸ் பட்டியலை நீட்டுவார்கள். மெக்கானிக், "டயரை மட்டும் மாத்துங்க சார், போதும்" என்பார். வாட்ஸப் குழுவில் ஆளுக்கொரு பேச்சு. எதை முதலில் செய்வது, எதற்கு எவ்வளவு ஆகும், எதைச் செய்தால் அபராதம் விழும், எதைச் செய்தால் இன்சூரன்ஸ் கைவிடும் என்று வரிசையாகச் சொல்ல ஆளில்லாமல் நானும் கொஞ்ச காலம் அலைந்தேன். தமிழ்நாட்டில் இருந்துகொண்டு, ஒரே நாளில் போய்த் திரும்பும் தூரத்தில் மண் பாதை ஓட்ட நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். லடாக், ஸ்பிதி எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

மண்ணில் வண்டி விழும். நன்றாக ஓட்டுபவருக்கும் விழும். அதனால் இங்கே செலவு வரிசை இப்படித்தான்: முதலில் உடம்பு, பிறகு பயிற்சி, கடைசியில் வண்டி. பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். விலைகளைத் தோராயமாகத்தான் சொல்லியிருக்கிறேன். ஊருக்கு ஊர், கடைக்குக் கடை மாறும்.

1. வண்டி இன்னும் வாங்கவில்லை என்றால்

எடையைப் பாருங்கள். எக்ஸ்பல்ஸ் 200 4வி சுமார் 158 கிலோ. ஹிமாலயன் 450 சுமார் 196 கிலோ. தார்ச் சாலையில் இந்த 40 கிலோ வித்தியாசம் தெரியவே தெரியாது. சரிவில் மூன்றாவது தடவை தூக்கி நிறுத்தும்போது தெரியும். இரண்டிலும் முன் சக்கரம் 21 அங்குலம், சீட் உயரம் 825 மி.மீ. அளவில். நெடுஞ்சாலையில் நீண்ட தூரம் போவதுதான் முக்கிய வேலை, மண் எப்போதாவது என்றால் ஹிமாலயன் சௌகரியம். மண்ணைக் கற்றுக்கொள்ளத்தான் வாங்குகிறீர்கள் என்றால் எக்ஸ்பல்ஸ் என்பதே என் கட்சி. எக்ஸ்பல்ஸில் ப்ரோ என்று வரும் வகையின் சீட் உயரம் 891 மி.மீ. கால் முழுசாகத் தரையில் ஊன்றாத வண்டியில் புதியவர் கற்றுக்கொள்வது கஷ்டம், ஆசைப்பட்டு அதில் இறங்காதீர்கள்.

செகண்ட் ஹேண்ட் வாங்கினால் பளபளப்பைப் பார்த்து மயங்க வேண்டாம். இரண்டு சக்கரத்து ஸ்போக்ஸையும் ஸ்பேனரால் ஒவ்வொன்றாகத் தட்டிப் பாருங்கள். எல்லாம் ஏறத்தாழ ஒரே மாதிரி ஒலிக்க வேண்டும். ஒன்று மட்டும் மொத்தென்று கேட்டால் அது தளர்ந்திருக்கிறது. முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி ஹேண்டிலை மெதுவாகத் திருப்பும்போது நடுவில் 'டக்'கென்று சிக்கினால் ஸ்டியரிங் பேரிங் போய்விட்டது. முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் குழாயில் எண்ணெய்க் கசிவு, ஃபுட்ரெஸ்ட் பிடிமானத்தில் வெல்டிங் தடம், என்ஜின் அடியில் எம்-சீல் பூசிய அடையாளம், இந்த மூன்றையும் டார்ச் அடித்துத் தேடுங்கள்.

2. காகிதங்கள்

மண் பாதைக்குப் போக ஊர் ரோட்டில்தான் போக வேண்டும், ஆகவே எல்லாம் சரியாக இருக்க வேண்டும். கியர் வண்டிக்கான லைசென்ஸ், ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்றிதழ். டிஜிலாக்கரிலோ எம்பரிவாகனிலோ இருந்தால் போதும், செல்லும். ஆனால் சிக்னல் இல்லாத இடத்துக்குத்தான் போகிறீர்கள். பிளாஸ்டிக் கவரில் ஒரு நகலும் வைத்துக்கொள்ளுங்கள். புது வண்டிக்கு முதல் ஓராண்டு புகைச் சான்றிதழ் தேவையில்லை. அதன் பிறகு இல்லாமல் பிடிபட்டால் அபராதம் 10,000 ரூபாய் வரை போகும்.

பழைய வண்டி வாங்கியவர்கள் பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்காமல் முழுப் பணத்தையும் கொடுக்காதீர்கள். கடனில் எடுத்த வண்டி என்றால் கடன் தீர்ந்ததைக் காட்டும் படிவம் 35, வெளிமாநில வண்டி என்றால் படிவம் 28 என்.ஓ.சி. வேண்டும். பெங்களூரில் மலிவாகக் கிடைக்கிறது என்று ஓடுபவர்கள், வரி கட்டி மறுபதிவு செய்வதற்கு ஆகும் பணத்தையும் மாதக் கணக்கில் ஆகும் அலைச்சலையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். வண்டி பெயர் மாறியதும் 14 நாளுக்குள் இன்சூரன்ஸையும் உங்கள் பெயருக்கு மாற்றச் சொல்லி எழுதிக்கொடுங்கள்.

இன்சூரன்ஸில் ஒரு பொறி இருக்கிறது. புது இருசக்கர வண்டிக்கு ஐந்தாண்டு இன்சூரன்ஸ் என்று சொல்லித் தருவார்கள். அந்த ஐந்தாண்டு என்பது மூன்றாம் நபர் காப்பீட்டுக்கு மட்டும்; உங்கள் வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கான பகுதி பெரும்பாலும் ஓராண்டிலேயே முடிந்துவிடும். பாலிசித் தாளில் இரண்டுக்கும் தனித்தனியாகத் தேதி இருக்கும், எடுத்துப் பாருங்கள். புதுப்பிக்கும்போது ஜீரோ டெப்ரிசியேஷன் (பாகங்களின் தேய்மானத்தைக் கழிக்காமல் காசு தருவது), என்ஜின் பாதுகாப்பு இரண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஓடையில் தண்ணீர் ஏறியோ பாறையில் அடிபட்டு ஆயில் ஒழுகியோ என்ஜின் போனால் சாதாரண பாலிசியில் காசு வருவது கஷ்டம். பந்தயம், வேகப் போட்டி, தாங்கு திறன் போட்டி இவற்றில் ஏற்படும் சேதத்தைப் பாலிசி ஏற்காது. நண்பர்கள் நடத்துகிற 'சும்மா ஒரு போட்டி'க்குப் பெயர் கொடுக்குமுன் இதையும் யோசியுங்கள்.

3. உடம்புக்கு: இங்கேதான் முதல் செலவு

பூட்ஸிலிருந்து தொடங்குங்கள். ஹெல்மெட் எப்படியும் வைத்திருப்பீர்கள். பூட்ஸ்தான் எல்லோரும் தள்ளிப்போடுவது. மண்ணில் அதிகம் அடிபடுவது கணுக்காலும் முழங்காலும். வண்டி சாயும்போது காலை ஊன்றுவோம், 160 கிலோவும் கால் மேல் வரும். டிரெக்கிங் ஷூ, தொழிற்சாலை சேஃப்டி ஷூ இரண்டும் இதற்கு ஆகாது. கணுக்காலை முறுக விடாத, கெண்டைக்கால் வரை ஏறிய பூட்ஸ் வேண்டும். நம் நாட்டில் தயாராகும் கிளான், ஒராசோ போன்றவை ஏறத்தாழ 8,000 முதல் 18,000 ரூபாய்க்குள் கிடைக்கின்றன. கெட்டியான காலுறையோடு மாலையில் போட்டுப் பாருங்கள். மாலையில் கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், சரியான அளவு அப்போதுதான் தெரியும். புது பூட்ஸில் கியர் மாற்றவே வராது. லீவரைக் கொஞ்சம் மேலே தூக்கி வைத்துவிட்டு, ஒரு வாரம் ஊருக்குள் அதோடு ஓட்டிப் பழகுங்கள்.

அடுத்தது மடக்கு வைத்த முழங்கால் கார்டு, 2,000 முதல் 4,000 ரூபாய். பேன்ட்டுக்கு உள்ளே வருகிற மெல்லிய பஞ்சு போதாது. மார்பு, முதுகு, தோள், முழங்கை எல்லாம் சேர்ந்த வலை போன்ற ஆர்மர் ஜாக்கெட் 6,000 முதல் 12,000. அட்டையில் சி.இ. முத்திரையோடு 1621 என்ற ஐரோப்பியப் பாதுகாப்புத் தர எண் இருக்கிறதா பாருங்கள். நெடுஞ்சாலைக்கு வாங்கிய கனத்த ரைடிங் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு ஏப்ரல் மாதத்தில் மணலில் மல்லுக்கட்டினால் அரை மணியில் தலை சுற்றும். வலை ஆர்மர், மேலே ஒரு முழுக்கை ஜெர்சி, அவ்வளவுதான் நம் ஊர் வெயிலுக்குத் தாங்கும்.

ஹெல்மெட்டில் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். முன்னால் நீண்ட கூரை வைத்த ஆஃப்ரோடு ஹெல்மெட் 3,500 ரூபாயிலிருந்து கிடைக்கிறது, காற்று நன்றாக வரும். கூடவே காகிள்ஸ் வாங்க வேண்டும், ஆயிரம் இரண்டாயிரம் ஆகும். கையில் இருப்பது நல்ல முழு ஹெல்மெட் என்றால் முதல் சில மாதங்களுக்கு அதுவே போதும், இதில் அவசரம் வேண்டாம். இரண்டு லிட்டர் தண்ணீர்ப் பை ஒன்று முதுகில் இருக்கட்டும். பாட்டிலை பையிலிருந்து எடுத்துக் குடிக்கச் சோம்பல் வரும். குழாய் வாய்க்கருகே இருந்தால் தானாகக் குடிப்பீர்கள்.

மொத்தம் 20,000 முதல் 35,000 ரூபாய் வரை போகும். பெரிய தொகைதான். ஆனால் ஒரு கணுக்கால் அறுவைச் சிகிச்சைக்குத் தனியார் ஆஸ்பத்திரியில் என்ன கேட்பார்கள் என்று விசாரித்துப் பாருங்கள்.

4. பயிற்சி

காசு இருந்தால் ஒரு நாள் முறையான வகுப்புக்குப் போய்விடுங்கள். 2015-இல் டக்கார் ராலி என்ற நெடுந்தூரப் பாலைவனப் பந்தயத்தை ஓட்டி முடித்த முதல் இந்தியரான சி.எஸ். சந்தோஷ் தொடங்கிய பிக்ராக் டர்ட்பார்க் கோலார் பக்கம் இருக்கிறது; வேறு சிறு பயிற்சியாளர்களும் இருக்கிறார்கள். சேருமுன் நான்கு கேள்வி கேளுங்கள்: வண்டி அவர்களுடையதா நம்முடையதா, சேதமானால் யார் கட்டுவது, பாதுகாப்பு உடை வாடகையில் உண்டா, ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை பேர். வண்டி அவர்களுடையது என்றால் கட்டணம் கூடும், ஆனாலும் அதுவே நல்லது. சொந்த வண்டியை விழவிடாமல் காப்பாற்றுவதிலேயே பாதி கவனம் போய்விடும்.

வகுப்புக்குப் போக முடியாதவர்கள், ஊரில் யாரும் இல்லாத மைதானம் ஒன்றைப் பிடியுங்கள். அங்கே செய்ய வேண்டியவை:

நின்று ஓட்டுவது. பாதத்தின் முன்பகுதி ஃபுட்ரெஸ்ட்டில், முழங்கால் டேங்கை அணைத்தபடி, முழங்கை வெளியே, பார்வை தூரத்தில். ஹேண்டிலைத் தொங்கிப் பிடிக்கக் கூடாது. இரண்டு நிமிடம் நின்றதும் கை வலித்தால் உடல் எடை காலில் இல்லை, கையில் இருக்கிறது என்று அர்த்தம்.

பின் பிரேக். மண்ணில் 20 கி.மீ. வேகத்தில் கிளட்ச்சைப் பிடித்துப் பின் பிரேக்கை அழுத்தி, சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்கும் உணர்வு உடம்புக்குப் பழகட்டும். சக்கரம் பூட்டாமல் தடுக்கும் ஏ.பி.எஸ்.ஸைப் பின் சக்கரத்துக்கு அணைக்கும் வசதி இருந்தால் அணைத்துவிட்டுச் செய்யுங்கள். பல வண்டிகளில் சாவியைத் திருப்பி அணைத்துப் போட்டால் ஏ.பி.எஸ். மறுபடி வந்துவிடும், ஒவ்வொரு நிறுத்தத்துக்குப் பிறகும் பார்த்துக்கொள்ளுங்கள்.

தூக்குவது. பழைய மெத்தை ஒன்றைப் போட்டு வண்டியை அதில் சாயுங்கள். ஹேண்டிலில் உள்ள கில் சுவிட்சால் என்ஜினை அணைத்து, கியரில் போட்டு, வலது பக்கம் விழுந்திருந்தால் முதலில் சைடு ஸ்டாண்டை இறக்குங்கள். சீட்டில் இடுப்பை முட்டுக் கொடுத்து, முதுகு வளையாமல், பின்பக்கமாகக் காலால் நடந்து ஏற்றுங்கள். முன்புறம் குனிந்து கையால் தூக்குபவர்களுக்கு இடுப்புப் பிடிப்பு நிச்சயம்.

ஏற்றத்தில் நின்றுபோவது. பாதி மேட்டில் என்ஜின் நின்றால் முன் பிரேக்கை மட்டும் பிடித்தால் வண்டி பின்னால் சறுக்கும். முதல் கியரிலேயே விட்டுக் கிளட்ச்சை விடுங்கள். என்ஜினே பிரேக்காக நிற்கும். அப்புறம் இறங்கி, ஹேண்டிலைத் திருப்பி, கிளட்ச்சைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டபடி கீழே கொண்டுவாருங்கள்.

5. வண்டியில் செய்ய வேண்டியவை

ஓசியில் ஆகும் வேலைகள் முதலில். ஃபுட்ரெஸ்ட்டில் உள்ள ரப்பரைக் கழற்றுங்கள். கிளட்ச், பிரேக் லீவர் பிடிமானங்களைக் கொஞ்சம் தளர்த்தி, பலமாகத் தள்ளினால் சுழலும்படி வையுங்கள்; விழும்போது லீவர் உடையாமல் திரும்பிக்கொள்ளும். அடியில் ஒரு சுற்று டெஃப்லான் டேப் சுற்றினால் ஓட்டும்போது ஆடாது. கண்ணாடிகளை மண் தொடங்கும் இடத்தில் கழற்றிப் பையில் போட்டு, ரோட்டுக்கு ஏறுமுன் மாட்டிவிடுங்கள்.

காசு கொடுத்துச் செய்ய வேண்டியவை இரண்டே இரண்டு. என்ஜினுக்கு அடியில் கெட்டியான பாஷ் பிளேட், 2,500 முதல் 5,000. ஹேண்டிலின் இரு முனையிலும் பிடிமானம் உள்ள, உள்ளே அலுமினியப் பட்டை வைத்த ஹேண்ட் கார்டு, 1,500 முதல் 4,000. வெறும் பிளாஸ்டிக் கார்டு காற்றைத்தான் தடுக்கும்.

மற்றதெல்லாம் ஆறு மாதம் கழித்து. ஃபாக் லைட், பெரிய கிராஷ் கார்டு, அலுமினியப் பெட்டி எல்லாம் கனத்தைக் கூட்டுபவை. மண்ணில் காலை ஊன்றும்போது பக்கப் பெட்டிக்கு அடியில் கால் மாட்டினால் எலும்பு முறியும். துணிப் பை போதும். சத்தமான சைலன்சர் பக்கம் போகவே வேண்டாம். ஆர்.சி.யில் உள்ள விவரம் மாறுகிற மாதிரி வண்டியை மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுக்கு எதிரானது. ஊருக்குள் சத்தம் போட்டுக்கொண்டு போனால் அடுத்த வாரம் அந்தப் பாதையில் முள்வேலி இருக்கும்.

6. டயர், காற்று, கருவேல முள்

நம் ஊர் மண் பாதையில் அதிகம் வதைப்பது பாறை அல்ல, சீமைக்கருவேல முள். ஏரிக்கரை, கண்மாய்க்கரை, புறம்போக்கு எங்கும் வெட்டிப்போட்ட கிளை கிடக்கும். இந்த வண்டிகளில் பெரும்பாலானவை டியூப் டயர். அதனால் பஞ்சர் ஒட்டத் தெரியாமல் கிளம்புவது வீண் வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை தெருமுனைப் பஞ்சர் கடைக்காரரிடம் இருநூறு ரூபாய் கொடுத்து, "அண்ணே, நான் கழட்டுறேன், நீங்க பார்த்துச் சொல்லுங்க" என்று கேளுங்கள். சந்தோஷமாகச் சொல்லிக்கொடுப்பார்கள்.

அங்கே கவனிக்க வேண்டியவை: டயரின் விளிம்பு ரிம்மிலிருந்து விடுபடாவிட்டால் இன்னொரு வண்டியின் சைடு ஸ்டாண்டை அதன் மேல் வைத்து அழுத்தலாம். ஒரு பக்கம் லீவரால் தூக்கும்போது எதிர்ப்பக்கத்து விளிம்பு ரிம்மின் நடுப்பள்ளத்தில் இருக்க வேண்டும், இல்லையென்றால் யானை பலம் இருந்தாலும் ஏறாது. டியூபை மாற்றுமுன் டயரின் உட்புறத்தை ஒரு துணியால் சுற்றித் துடையுங்கள். முள் இருந்தால் துணி சிக்கும். முனை உடைந்த முள் வெளியே தெரியாது, உள்ளே மட்டும் ஊசி நுனியளவு நீட்டிக்கொண்டிருக்கும். அதை விட்டுவிட்டுப் புது டியூப் போட்டால் இரண்டாவது கிலோமீட்டரில் மறுபடி காற்று இறங்கும். டியூபைப் போடும்போது லேசாகக் காற்று அடித்துவிட்டுப் போட்டால் லீவரில் கிள்ளுப்படாது.

காற்றழுத்தம்: ரோட்டுக்குக் கையேட்டில் உள்ள அளவு. மண்ணில் இறங்கும்போது 20 பி.எஸ்.ஐ. சுற்றிக் குறையுங்கள். பிடிமானம் கூடுவது உடனே தெரியும். பாறை அதிகமுள்ள பாதையில் அதற்கும் கீழே போனால் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் டியூப் நசுங்கி அருகருகே இரண்டு கிழிசல் விழும். காற்றுக் குறைவாக ஓட்டும்போது டயர் ரிம்மில் மெல்ல நகரும், வால்வு சாயும். வால்வின் நட்டை ரிம்மோடு இறுக்கி வைத்திருந்தால் வால்வே அடியோடு பிய்ந்துவிடும். நட்டை மேலே தூக்கி மூடியோடு சேர்த்து இறுக்கிவையுங்கள். திரும்பி ரோட்டில் ஏறுமுன் காற்றை ஏற்ற மறந்துவிடாதீர்கள்.

மண்ணுக்கென்று பெரிய கட்டைகள் வைத்த டயர் வாங்க வேண்டுமா? இருக்கிற டயர் தேயட்டும். தேய்ந்ததும் மாற்றினால் ஜோடி 5,000 முதல் 8,000 ஆகும். அதுவரை பழைய டயரில் கற்றுக்கொண்டால் கை பதமாகும்.

7. பையில் இருக்க வேண்டியவை

21 அங்குல டியூப் ஒன்று (அவசரத்துக்குப் பின் சக்கரத்திலும் திணித்து வீடு வரலாம்), டயர் லீவர் மூன்று, கைப் பம்ப், பஞ்சர் ஒட்டும் சாமான், வால்வு கழற்றும் சாவி. முன், பின் அச்சு நட்டுகளுக்கு ஏற்ற ஸ்பேனர். வண்டியோடு கொடுக்கும் டூல் கிட்டை நம்பாமல் வீட்டிலேயே ஒரு தடவை கழற்றிப் பாருங்கள். செயின் லிங்க், கிளட்ச் கேபிள், ஒரு ஜோடி லீவர். பிளாஸ்டிக் டேக், கம்பி, டக்ட் டேப். பாறையில் அடிபட்டு என்ஜின் உறையில் விரிசல் விட்டால் எம்-சீல் பிசைந்து அடைத்து ஊர் வந்து சேரலாம். முதலுதவிக்கு இறுக்கிச் சுற்றும் பேண்டேஜ், ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள். எல்லாம் சேர்த்து 4,000 ரூபாய்க்குள் முடியும்.

8. எங்கே, எப்போது

காப்புக்காட்டுக்குள் போகாதீர்கள். 'பாதை இருக்கிறது, கேட் இல்லை' என்பது அனுமதி ஆகாது. தமிழ்நாடு வனச் சட்டம் 1882, வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972 இரண்டின்படியும் வழக்கு வரும், வண்டியையும் பிடித்து வைப்பார்கள். ஜவ்வாது மலை, கொல்லிமலை, சிறுமலை என எங்கே போனாலும் ஊர்களை இணைக்கும் பொது மண் சாலை வரைதான் உங்கள் உரிமை. கிளைப் பாதை பிரியும் இடத்தில் எல்லைக் கல்லோ வனத்துறைப் பலகையோ இருக்கிறதா பாருங்கள். சந்தேகம் இருந்தால் ரேஞ்சர் அலுவலகத்தில் கேளுங்கள். தூத்துக்குடிப் பக்கத் தேரி என்கிற செம்மணல் மேடும் அப்படித்தான், அதில் ஒரு பகுதி காப்புக்காடு. நீலகிரி, கொடைக்கானலுக்கு 2024 மே மாதத்திலிருந்து வெளி ஊர் வண்டிகளுக்கு இ-பாஸ் முறை இருக்கிறது, இணையத்தில் முன்பே எடுத்துவிடுங்கள்.

புதியவருக்கு நல்லது வறண்ட ஏரி உள்வாய், ஆற்றோரத்து வண்டிப்பாதை, தோட்டங்களுக்கு நடுவில் போகும் பஞ்சாயத்து மண் ரோடு. தனியார் நிலம் என்றால் உரிமையாளரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். விதைத்த வயல் ஓரத்தில் ஏற்றாதீர்கள். ஆடு மாடு எதிரே வந்தால் என்ஜினை அணைத்து நின்றுவிடுங்கள். கைவிட்ட கல்குவாரி பக்கம் வேண்டாம், விளிம்பு எங்கே முடிகிறது என்று தெரியாது.

காலம்: ஜனவரி, பிப்ரவரி சிறந்தது. மார்ச் முதல் மே வரை விடியற்காலையில் தொடங்கிப் பத்து மணிக்குள் முடியுங்கள். மலைப் பக்கம் காட்டுத்தீக் காலமும் அதுதான். 2018 மார்ச்சில் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இறந்ததற்குப் பிறகு கட்டுப்பாடு கடுமை. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை மழை. மழைக்கு மறுநாள் செம்மண்ணில் சறுக்கல்தான், சமாளிக்கலாம். கோவில்பட்டிப் பக்கக் கரிசலில் மட்டும் ஈரத்தோடு இறங்கவே கூடாது. களி உருண்டு உருண்டு டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் அடைத்து, முன் சக்கரம் சுற்றாமல் நின்றுவிடும். குச்சியால் குத்தி எடுத்தால் பத்தடி போகும், மறுபடி நிற்கும்.

9. போகிற அன்றைக்கு

மூன்று பேராவது போங்கள். ஒருவர் விழுந்தால் ஒருவர் கூட இருக்கவும் ஒருவர் ஆள் கூட்டி வரவும் வேண்டும். பாதையை ஃபோனில் முன்பே இறக்கி வைத்து, வீட்டில் ஒருவரிடம் திரும்பும் நேரத்தைச் சொல்லிவிடுங்கள். அருகில் உள்ள அரசு மருத்துவமனை எது என்று கிளம்புமுன் பாருங்கள். பாம்புக்கடி மருந்து பெரும்பாலும் அங்கேதான் கிடைக்கும். ஆம்புலன்ஸுக்கு 108.

ஓடை வந்தால் முதலில் நடந்து கடந்து பாருங்கள். முழங்காலுக்கு மேல் தண்ணீர் என்றால் திரும்பிவிடுங்கள். நடுவில் விழுந்து வண்டி மூழ்கினால் ஸ்டார்ட்டரை அழுத்தவே அழுத்தாதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது சுற்றினால் கனெக்டிங் ராடு வளையும், இன்சூரன்ஸ்காரரும் 'நீங்களே கெடுத்தது' என்று கையை விரிப்பார். கரைக்குத் தள்ளி, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, ஏர் ஃபில்டரில் உள்ள தண்ணீரை வடித்து, பிளக் இல்லாமலே சுற்றவிட்டுத் தண்ணீரை வெளியேற்றியபின்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

களைப்பு வந்ததும் நிறுத்துங்கள். விழுவது பெரும்பாலும் கடைசி ஒரு மணி நேரத்தில்தான். 'இன்னும் ஒரே ஒரு ரவுண்டு' என்று சொன்னவரைத்தான் நாங்கள் தூக்கி வந்திருக்கிறோம்.

வீடு வந்ததும் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடிக்காதீர்கள், பேரிங்குக்குள் மண் போகும். வாளித் தண்ணீரில் கழுவி, ஃபோர்க் குழாயைத் துணியால் துடைத்து, ஏர் ஃபில்டரைத் திறந்து பாருங்கள். புழுதியான நாள் என்றால் அன்றைக்கே சுத்தம் செய்ய வேண்டும், சர்வீஸ் தேதி வரை காத்திருக்கக் கூடாது. செயினைத் துடைத்து எண்ணெய் விட்டு, தளர்வைச் சரிபாருங்கள். ஸ்போக்ஸைத் தட்டிப் பார்த்து, பாஷ் பிளேட், ஹேண்ட் கார்டு, ஃபுட்ரெஸ்ட் போல்ட்டுகளை இறுக்குங்கள். இதற்கெல்லாம் சேர்த்து ஒன்றரை மணி நேரம் ஆகும். திங்கட்கிழமை ஆபீஸுக்கும் அதே வண்டி என்றால் ஞாயிறு மாலையே முடித்துவிடுங்கள்.